கல் மாவு

திருவாதவூருக்குக் கிழக்கே, கல் அறுக்கும் பட்டறையை நம்பிப் பிழைக்கும் அந்தச் சிற்றூரில் தூசி என்ற சொல்லை எவரும் உச்சரிப்பதில்லை. அதற்கு மாவு என்று பெயர். யாரும் தடை விதித்ததில்லை. அந்தச் சொல் வெளியே போனால் அதிகாரிகள் வருவார்கள், வந்தால் பட்டறை மூடப்படும் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே தலைமுடியில் மாவு, சோற்றில் மாவு. இருமுகிறவனுக்கு எப்போதும் சளி.

மருது அறுப்பு இயந்திரத்தில் நின்றவன். சுழலும் தகட்டின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த வரையில் துகள்கள் ஒன்றையொன்று பற்றிச் சேறாகி வழிந்தன. தண்ணீர் மோட்டார் பழுதானது; எவரும் அதை மாற்றவில்லை. உலர்ந்த கல்லிலிருந்து எழுந்தவற்றில் பெரியவை தரையில் விழுந்தன. கண்ணுக்குப் புலப்படாதவை விழவில்லை. காற்றின் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலிருந்தும் முட்ட, அவை இலக்கின்றி அலைந்தன. ஈரமான பரப்பு எதுவாயினும் அதில் ஒட்டிக்கொண்டன. நுரையீரல் எப்போதும் ஈரம்.

மூச்சு முட்டத் தொடங்கியதும் மனைவி தங்கப்பொண்ணு அவனை மதுரைக்கு ஒரு நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துவந்தாள். பட்டறை மேஸ்திரி கருத்தக்கண்ணனும் துணைக்கென்று உடன் வந்தார். வேலை செய்யும் இடத்தில் என்ன இருக்கும் என்று மருத்துவர் சத்யப்ரியா கேட்டபோது மருது பழக்கத்தில் சொன்னான்:

"மாவுதான் டாக்டரம்மா. எம்புட்டுத் தட்டுனாலும் போகாது."

அவனை மாவு மில்காரன் என்று எண்ணி, ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் மருந்து கொடுத்து அனுப்பினார் அவர். திரும்பும் பேருந்தில் மேஸ்திரிக்குச் சிரிப்பு தாளவில்லை.

"மாப்ள, ஒன்னய மில்லு மொதலாளி ஆக்கிப்புட்டாகடா! கேப்பை அரைக்க இனி ஒங்கிட்டத்தான் வரணும்."

மூவரும் சிரித்தனர். மருதுவின் சிரிப்பு இருமலாக மாறி, ஒத்தக்கடை தாண்டியும் ஓயவில்லை.

மருந்து பலிக்கவில்லை. தெருக்குழாய்வரை நடக்கவும் முடியாத நிலையில் மீண்டும் வந்தார்கள், மேஸ்திரியும் வந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார் மருத்துவர்.

"மில்லு வேலைக்கு நுரையீரல் இப்படி ஆகாதே. வேற எங்கயாச்சும் வேலை பாத்தீங்களா?"

மருது மேஸ்திரியைப் பார்த்தான்.

"மில்லுதாம்மா. அரிசி, கம்பு, கேப்பை..." என்று அடுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி கருத்தக்கண்ணனுக்கே இருமல் வந்தது. "இது சளி," என்றார், யாரும் கேட்காமலே.

தங்கப்பொண்ணு கேட்டாள்: "உள்ள போனத வெளிய எடுக்க முடியுமா டாக்டரம்மா?"

"மாவுன்னா ஒடம்பு எப்படியாச்சும் கரைச்சிரும். கல்லு மாதிரி கரையாத தூசின்னா, போன எடத்துலயே ஒட்டிக்கிட்டுச் சுத்தி இருக்கிற சதையையும் இறுக்கிரும். எடுக்க வழியில்லம்மா."

தூசி என்ற சொல்லைக் கேட்டு மருது நாற்காலியில் நெளிந்தான். மேஸ்திரி அவள் பக்கம் குனிந்தார்.

"கேட்டேல்ல தங்கச்சி? இனிச் சொல்லி என்னத்தக் காணப்போற? ஒன் தம்பி சோலையோட பொழப்பும் அங்கனதான ஓடுது."

"ஆமாண்ணே," என்றாள் அவள். "இந்நேரம் இவரு நின்ன அந்த அறுப்பு மிசுனுக்கிட்டத்தான் நிப்பான்."

அவள் எழுந்தாள். மருது அவள் சேலை முந்தானையைப் பிடித்தான். "வேணாம்" என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு மூச்சு போதவில்லை. அவள் மெல்ல அவன் விரல்களை விலக்கினாள். அவனைக் காப்பாற்ற அந்த அறையில் எதுவுமில்லை என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

"மாவு இல்லீங்க. தூசி. கல்லுத் தூசி," என்றாள், வெளியே காத்திருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படியான குரலில். "மில்லும் கில்லும் ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்தாமக் கல்லு அறுக்குற பட்டறை. இந்தா நிக்கிற இந்த அண்ணனுக்கும் சளி இல்ல, தூசிதான்."