தலை எண்ணிய இரண்டு வாரம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் படிப்பறையில் நூற்றிருபது நாற்காலிகள். பதினேழு வருடமாக நான் அங்கே மேற்பார்வையாளர். பகலில் அவற்றில் ஒன்று காலியாகக் கிடந்து பார்த்ததாக நினைவில்லை. இடம் கிடைக்காதவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை வைத்துப் படிப்பார்கள். இரண்டாம் வருடம் படிக்கும் என் மகளும் அவர்களில் ஒருத்தி. வீட்டில் இருப்பது ஒரே அறை. இரவு வேலை முடித்து வரும் அவள் அப்பா பகலெல்லாம் அங்கேதான் தூங்குவார். பக்கம் புரட்டும் சத்தத்துக்கே எரிந்து விழுவார்.

படிப்பறையை ஒட்டி ஒரு பெரிய கூடம் பூட்டிக் கிடந்தது. உள்ளே கால் உடைந்த மேசைகள். நடுச்சுவரை இடித்தால் இன்னும் நூறு பேர் படிக்கலாம், ஒரு ஓரமாக நாலு பேர் கூடிப் பேசவும் இடம் இருக்கும். நாலு வருடம் மனு எழுதி எழுதி என் கை தேய்ந்த பிறகு கட்டடக் குழு கொஞ்சம் இறங்கி வந்தது. நூலகத்தில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று இரண்டு வாரம், தினமும் பதினோரு மணிக்கு எண்ணி எழுதித் தரச் சொன்னார்கள்.

எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. நான்தான் ஒழுங்குக்குப் பேர்போனவள் ஆயிற்றே, வேறு யாரிடம் போகும்? படியில் யாரும் உட்காரக் கூடாது என்பது தீயணைப்பு விதி. குழுவிலிருந்து யாராவது திடீரென்று வந்து பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று, எண்ணுவதற்குப் பத்து நிமிடம் முன்பே படியைக் காலி செய்துவிடுவேன். முதலில் மகளைத்தான் எழுப்புவேன். சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

"இன்னும் ரெண்டு பக்கம்தாம்மா."

"அதை மரத்தடியில போய்ப் படி. எழுந்திரு."

பிறகு உள்ளே போய் எண்ணுவேன். நூற்றிருபது. மறுநாளும் நூற்றிருபது. ஒரு நாள் மட்டும் நூற்றுப் பத்தொன்பது. ஒருத்தன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

குழுத் தலைவர் பொறியியல் பேராசிரியர். கூட்டத்தில் என் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"நாற்காலியும் நூத்திருபது, ஆளும் நூத்திருபது. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. இடமில்லாம ஒருத்தர்கூட நிக்கலையே. அப்புறம் எதுக்குங்க சுவரை இடிக்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், படியில அறுபது எழுபது பேர் இருப்பாங்க. எண்ணுறதுக்கு முன்னாடி நான்தான் எழுப்பி அனுப்பிட்டேன்."

"படியில உக்காரக் கூடாதுதானே?"

"கூடாதுங்க சார்."

"அப்ப நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. விதியை மீறி உக்காந்தவங்களை எந்தக் கணக்குல சேர்க்கிறது?"

கூடத்தைத் தேர்வுத் துறையின் பழைய காகிதங்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். குழுவின் அறிக்கையில் கடைசி வரி, நூலக மேற்பார்வையாளரின் ஒழுங்குக்குப் பாராட்டு. அதைப் படித்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நாலு வருடம் கேட்டதை இரண்டே வாரத்தில் என் கையாலேயே கெடுத்திருக்கிறேன்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு மாடிப்படிப் பக்கம் போனேன். இனி ஒருவரையும் எழுப்புவதில்லை, விதி நாசமாய்ப் போகட்டும் என்றுதான் போனேன். என் தலையைக் கண்டதும் மொத்தப் படியும் எழுந்துவிட்டது.

"உக்காருங்கப்பா. நான் ஒண்ணும் சொல்லலை."

"கிண்டல் பண்றாங்கடா," என்று முணுமுணுத்தபடி ஒருவன் இறங்கினான். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மகளும் பையை மாட்டிக்கொண்டாள்.

"நீயாவது உக்காருடி."

"வேணாம்மா. உன் செருப்புச் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே படிச்சா மண்டையில ஒண்ணும் ஏறலை. நாளையிலேர்ந்து நான் இங்க வரலை."

"அப்ப எங்கடி படிப்பே?"

"நீயே சொல்லும்மா," என்றாள்.