திறந்த தேதி தெரியாத பவுடர்

மேக்கப் அறையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்த அந்த வட்டத் தகர டப்பாவைப் பற்றி யாரும் எதுவும் கேட்காமலே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. கேட்டிருந்தால் மேக்கப்காரர் சொல்லியிருப்பார். அவருக்குச் சொல்லக் கொள்ளை ஆசை. ஆறு மணிச் செய்தி வாசிக்கும் மேடத்தின் முகம் அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது. பவுடர் கால் டப்பாவாகக் குறைந்ததும், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி, அதன் மேலேயே புதுப் பவுடரைக் கொட்டிக் கலந்துவிடுவார். அதனால் முதல் நாள் பூசிய நிறம் இன்றுவரை இம்மி பிசகவில்லை. அடியில் பழசு கிடக்கும்வரை மேலே விழும் புதுசு அதன் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பது அவருடைய தொழில் நம்பிக்கை.

மேடம் செய்தி வாசிக்கும்போது அவருடைய போன் மேக்கப்காரரிடம்தான் இருக்கும். சரியாக ஆறரைக்கு ஊரிலிருந்து மேடத்தின் அம்மா கூப்பிடுவார். அந்த அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. டிவியைச் சத்தமே இல்லாமல் வைத்துத்தான் பார்ப்பார். "இன்னைக்கும் பார்த்தேன்டி" என்று ஒரே வாக்கியம் சொல்வார். எடுத்தது யார் என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் வைத்துவிடுவார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேதி சார் வந்து சேர்ந்தார். அவருடைய பதவியின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் என்பதால் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். அதற்குமுன் ஒரு மருந்துக் கிடங்கில் காலாவதி பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஒரு திங்கட்கிழமை மேக்கப் அறைக்குள் நுழைந்ததுமே பட்டியலைப் பிரித்துவிட்டார். மஸ்காராவுக்கு மூன்று மாதம், லிப்ஸ்டிக்குக்கு ஒரு வருடம், பவுடருக்கு இரண்டு வருடம். எல்லாம் திறந்த நாளிலிருந்து கணக்கு.

"இதை எப்போ திறந்தீங்க?"

"டப்பாவையா சார்? இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. மேல இருக்கிற பவுடரைப் போன மாசம்தான் திறந்தேன். நடுவுல இருக்கிறது... அது கொஞ்சம் சிக்கல்."

"ஒரு தேதி சொல்லுங்க."

"எந்தப் பவுடருக்கு சார்?"

தேதி சார் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். எது எந்த வருடத்துப் பவுடர் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததே இல்லை. முகம் கறுத்துப் போய், டப்பாவை ஒரு பையில் போட்டு, அரக்கு வைத்து, தாழ்வாரத்துக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட்டார்.

அன்று மாலை மேக்கப்காரர் அதே கம்பெனியின் அதே எண் பவுடரில் புதிதாக ஒன்றைப் பிரித்துப் பூசினார். பார்க்கப் போனால் இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது. ஆறு மணிக்கு மேடம் வணக்கம் சொன்னார். ஆறு ஐந்துக்கு நிலையத்தின் எல்லா போன்களும் ஒன்றாக அலறின.

"யாருங்க இந்தப் புதுப் பொண்ணு? எங்க மேடம் எங்கே?"

ஒருவர் அழுதே விட்டார். மேடத்தின் கணவரிடமிருந்து, 'இன்னைக்கு லீவா? சொல்லவே இல்ல' என்று செய்தி வந்தது. ஆறரைக்கு மட்டும், உலகமே இடிந்து விழுந்தாலும் எனக்கென்ன என்பதுபோல, "இன்னைக்கும் பார்த்தேன்டி" என்று அம்மாவின் குரல் வந்து போனது.

"அம்மாவுக்கு மட்டும் வித்தியாசமே தெரியல பாருங்கண்ணா" என்றார் மேடம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "காதோட கண்ணும் போயிடுச்சு போல."

மறுநாள் மேடத்தை வாசலிலேயே காவலாளி மறித்தார். அடையாள அட்டையைக் காட்டினால், படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்க எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா? இப்படியெல்லாம் ஏமாத்தக் கூடாதும்மா" என்று புத்தி வேறு சொன்னார். மேக்கப்காரர் ஓடிப்போய்த் தன் பொறுப்பில் உள்ளே அழைத்து வந்தார். நிலைய மேலாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். சொல்லாமல் கொள்ளாமல் நேற்று மட்டம் போட்ட மேடம் இன்று ஆறு மணிக்கும் நாற்காலியில் வந்து உட்காராவிட்டால் அந்த இடம் காலி என்று அறிவிக்கப்படும்.

"அவங்களைப் பார்த்தா இதைக் கொடுத்துடும்மா" என்று அதை மேடத்தின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

இருவரும் தேதி சாரிடம் ஓடினார்கள். அவர் நியாயமான மனிதர்தான். டப்பாவை விடுவிக்கவும் சரி, அழிக்கவும் சரி, ஒரே படிவம் போதும், அதைப் பயன்படுத்துகிறவர் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று என்றார். மேடம் உடனே போட்டுக் கொடுத்தார். தேதி சார் அட்டையை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்.

"கையெழுத்து சரியா இருக்கு. முகம் சரியில்லையே."

"அந்த முகம்தான் சார் உங்க அலமாரிக்குள்ள இருக்கு!" என்று கத்தினார் மேக்கப்காரர்.

"அப்போ அவங்களையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? ஐந்தரை மணிக்கு மேடத்தை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், மேக்கப் இழுப்பறைகள் எல்லாம் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தன. நேற்றுப் பிரித்த புதுப் பவுடரில் திறந்த தேதி எழுதவில்லை என்று அதையும் தேதி சார் தூக்கிக்கொண்டு போயிருந்தார். லிப்ஸ்டிக், மை, மஸ்காரா எதுவும் இல்லை. சட்டத்தில் சீப்புக்கு இடமில்லாததால் சீப்பு மட்டும் தப்பியிருந்தது.

மேக்கப்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உள்ளே அவர் பவுடர் பூசும் பஞ்சு இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் துவைக்காத பஞ்சு. தட்டினால் பழைய பவுடர் இன்னும் ஒரே ஒரு முகத்துக்குத் தேறும். முதலில் ஈரத் துண்டால் மேடத்தின் முகத்தில் ஒட்டியிருந்த நேற்றைய பவுடரைத் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடது புருவத்துக்கு மேலே அரை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

"இது எப்போ மேடம் வந்துச்சு?"

"எது? இதுவா? நாலு வயசுலண்ணா. ஊஞ்சல்ல இருந்து விழுந்தேன்."

தினமும் அவர் கையால்தான் அதை மறைத்திருக்கிறார். ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பஞ்சை வெளியே எடுக்காமல் தலையை மட்டும் வாரிவிட்டார்.

"அண்ணா, பவுடர்?"

"இருக்கட்டும் மேடம். போய்ப் படிங்க."

மேடம் கண்ணாடியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், எழுந்தார். கதவருகே தேதி சார் பட்டியலோடு நின்றிருந்தார். வெறும் முகத்தை உற்றுப் பார்த்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். "தோல் இதுல வரல. போகலாம்" என்று வழிவிட்டார்.

ஆறு மணிக்கு மேடம் வணக்கம் சொன்னார். ஆறு இரண்டுக்கு மேக்கப்காரரின் கையிலிருந்த போன் அடித்தது. அம்மா. ஆறரைக்கு முன்னால் ஒருநாளும் கூப்பிடாத அம்மா. எடுத்துக் காதில் வைத்தார்.

"ஏன்டி, இன்னைக்குதான் உன் முறை வந்துச்சா?"

"அம்மா, நான் மேடம் இல்ல..."

"இருபத்திரண்டு வருஷமா தினமும் பார்க்கிறேன். தினமும் அந்தப் பொம்பளைதான் வந்து உட்கார்றா. நேத்து வேற எவளோ. நம்ம பொண்ணுக்கும் ஒருநாள் வராமலா போயிடும்னு நானும் விடாம உட்கார்ந்திருந்தேன். ஏன் வரலன்னு கேட்டா உன் மனசு கஷ்டப்படுமேன்னு கேட்டுக்கல. இப்போ பாரு, ஊஞ்சல் தழும்பு என்னமாத் தெரியுது! நல்லாப் படிக்கிறே. வாயை நல்லாத் திறந்து படிக்கிறே. சரி வை, உன்னைப் பார்க்கணும்."

போன் அடங்கிவிட்டது. ஒரு தாயையும் மகளையும் இத்தனை வருடம் தன் கையால் பிரித்து வைத்துவிட்டு, அதைத் தொழில் சுத்தம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோமே என்று மேக்கப்காரருக்குத் தோன்றியது. நேராகத் தேதி சாரிடம் போய்ச் சட்டைப் பையிலிருந்த பஞ்சை மேசைமேல் வைத்தார்.

"இதையும் சேர்த்துக்குங்க சார்."

"திறந்த தேதி?"

"ரொம்ப லேட் சார். அப்படியே எழுதிக்குங்க."

அவர் திரும்பி வரும்போது மேலாளர் எதிரே ஓடி வந்தார். பின்னால் போன்கள் எல்லாம் அலறிக்கொண்டிருந்தன. "நேத்து வந்த பொண்ணைவிட இது தேவலைப்பா. பழைய மேடம் இனிமே வர மாட்டாங்க போல. நாளைக்கும் இதையே வரச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஆறரைக்கு ஸ்டூடியோ கதவு திறந்தது. மேடம் வழக்கம்போலப் போனுக்குக் கை நீட்டினார்.

"அம்மா பேசினாங்களா? என்ன, இன்னைக்கும் பார்த்தேன்னாங்களா?"

"இல்ல மேடம்" என்றார் மேக்கப்காரர். "இன்னைக்குதான் பார்த்தாங்களாம்."