தண்ணீர் குடித்தவன்

அண்ணன் விரலை நீட்டினார். அந்த விரலில் ஊசி இறக்குவது தேங்காய் மட்டையில் பல்குத்தும் குச்சியை இறக்குவது மாதிரி. நீளப்படகின் பின்முனையில் நின்று சுக்கான் துடுப்புப் பிடித்தே காய்த்துப்போன கை. முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவது குத்தில் வந்தது; ஆனால் அது என் விரலிலிருந்து.

"உனக்கே குத்திக்கிட்டியா?" என்றார் பெலெனாட்டோ அண்ணன். "உன்னையும் சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்களே, அவங்களச் சொல்லணும்."

புது ஊசி மாட்டி மறுபடி குத்தினேன். இந்த முறை அவருடைய ரத்தம்தான். சர்க்கரை பார்க்கும் மிஷின் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு ஓர் எண்ணைக் காட்டியது. ஆஸ்பத்திரியாக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸ் அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லியிருப்பாள். அண்ணன் எட்டிப் பார்த்து, "பெரிய நம்பரா இருக்கே, பரவால்லையே" என்றார்.

அன்று நான் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். தீவின் தலைநகரான ஆப்பியாவில் எங்கள் ஆய்வகத்து ஆணியில் தொங்க வேண்டிய கோட்டு அது. முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கெஞ்சி இஸ்திரி போடவைத்து, பஸ்ஸில் மடிமேல் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் அவள் பையும் உட்கார்ந்திருக்க, முடிந்தவரை கசங்காமல் வந்து இறங்கியிருந்தேன். காரணம் உண்டு. எங்கள் வீட்டில் நான் கடைக்குட்டி. தலை நரைத்தாலும் கடைக்குட்டி கடைக்குட்டிதான். பெரியவர்கள் சாப்பிடும்போது தட்டு வைப்பது, ஈ விசிறுவது, கைகழுவத் தண்ணீர் ஏந்துவது, கடைசியில் மிச்சம் இருந்தால் தின்பது, இவைதான் என் உத்தியோகம். அப்படிப்பட்டவன் வந்து 'விரலை நீட்டுங்க' என்றால் குடும்பத்துக்கே தலைவர் பட்டம் வாங்கியவர் நீட்டுவாரா? ஆக்குசோ என்கிற நான் சொன்னால் நீட்ட மாட்டார், கோட்டு சொன்னால் நீட்டுவார் என்று நினைத்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் வேறொரு கணக்கு ஒளிந்திருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

விஷயம் அவருடைய இடது கால் பெருவிரல். பவளப்பாறை கிழித்த புண், மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டையைக் கூரைச் சட்டத்தில் செருகி வைத்திருந்தார், பல்லிதான் காவல். அதே படகில் துடுப்புப் போட்ட ஒருவர், விரலுக்குக் கட்டுப் போடப் போய், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்திருந்தார். 'மொதல்ல மாத்திரைதான் குடுத்தாங்க அவனுக்கும்' என்பது அண்ணனின் வாதம். சுக்கான்காரர் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. அலையில் எகிறும் பலகையைக் கால்விரலால் கவ்வி நிற்க வேண்டும். பெருவிரல் போனால் படகும் போச்சு. படகு போன பின் அண்ணன் என்று ஒருவர் அந்த வீட்டில் இருப்பார், ஆனால் அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது.

"நோனு மரத்து எலச் சாறு குடிக்கறேன். உன் மிஷின் எறங்குதுன்னு சொன்னா மாத்திரையக் கடல்ல போட்டுருவேன். எறங்கலன்னா உன் கண்ணு முன்னாடியே முழுங்கறேன். பட்டத்து மேல சத்தியம்" என்றார்.

சும்மா ஒப்புக்கொள்ளவில்லை நான். அந்த இலையை எங்கள் ஆய்வகத்திலும் சோதித்துக்கொண்டிருந்தோம். சாப்பிட்ட மாவை வெட்டிச் சர்க்கரையாக்க நம் குடலுக்குள் ஒரு கத்தரி மாதிரிப் பொருள் இருக்கிறது. அதைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, வெட்டினால் மஞ்சளாக மாறும் சரக்கு ஒன்றையும் சேர்ப்போம். கத்தரி வேலைசெய்தால் குழி மஞ்சளாகும். இலைச்சாறு கத்தரியைக் கட்டிப்போட்டால் மஞ்சள் வராது. அவ்வளவுதான் என் தொழில். மஞ்சள் வருகிறதா என்று முறைத்துக்கொண்டிருப்பது. நோனு இலைக் குழியில் மஞ்சள் தயங்கித் தயங்கி, மூன்றாம் தடவை ஊற்றிய டீ மாதிரி வெளிறி வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தலைவி டாக்டர் டெலேசியாவுக்குச் சிலிர்க்கவில்லை.

"துவர்ப்பா இருக்கற எந்த எலையும் கண்டதையும் கட்டிப்போடும். நாளைக்கு டீத்தூள ஊத்திப் பாரு, அதுவும் இப்படித்தான் நிக்கும். தட்டு வேற, வயிறு வேற, ஆக்குசோ" என்றார். அண்ணன் கதையைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஒரு ஆள வெச்சு ஆராய்ச்சியா? வெளிய சொல்லிடாத. குறைஞ்சது, சாறு குடிக்காத ஒரு ஆளாவது பக்கத்துல வேணும். அவன் வெறும் தண்ணி குடிக்கட்டும்."

வெறும் தண்ணீர் குடிக்க எங்கள் ஊரில் யாரும் முன்வரவில்லை. நானே தண்ணீர் ஆள் ஆனேன். என் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் ஒற்றைக்காலில் நிற்பதுதான்.

நான் குடியிருப்பது மனைவியின் ஊரில். ஆப்பியாவுக்குப் போகும் வழியில்தான் அண்ணன் வீடு. தினமும் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். வெறும் வயிற்றில் அவருக்கு ஒரு குத்து, எனக்கு ஒரு குத்து. அண்ணி ஃபுவாட்டினோ கல்லில் இடித்த இலையைத் துணியில் முறுக்கிப் பிழிந்து கிண்ணத்தில் தருவார். அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். நான் தண்ணீரை ரசித்துக் குடிப்பேன். பிறகு அடுத்த பஸ் வரும்வரை காலைச் சாப்பாடு.

வெள்ளைக் கோட்டு என்ன செய்ததென்றால், என்னை விருந்தாளி ஆக்கிவிட்டது. முதல் நாள் பழக்கதோஷத்தில் தட்டெடுக்க எழுந்தேன். "உக்காருங்க கொழுந்தனாரே, சட்டை அழுக்காயிரும்" என்று அண்ணி பாதிரியாருக்குப் போடுகிற நல்ல பாயை விரித்தார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு எடுத்துவைத்தது போக, பானையில் இருந்த கொக்கோச் சோறு முதலில் எனக்கு. தேங்காய்ப்பால் மிதக்கிற, சர்க்கரை கொட்டின, கெட்டியான சோறு. கூடவே பொரித்த பனிகேகே மாவுருண்டைகள். விருந்தாளி உண்டு முடிக்கும்வரை வீட்டுக்காரர் கை வைக்க மாட்டார். வைத்ததை மிச்சம் வைத்தால் அண்ணியின் சமையலைக் குறை சொன்னதாகிவிடும்; ஆகவே நான் வழித்துத் தின்றேன். நான் வழித்துத் தின்றதைப் பார்த்து, "உங்க வீட்டுல அடுப்பே எரியறதில்லையா?" என்று மறுநாள் அண்ணி கூடப் போட்டார். அதையும் வழித்தேன். நாற்பது வருஷம் மிச்சம் தின்றவனுக்கு முதல் பங்கு என்பது எப்பேர்ப்பட்ட போதை என்று யாருக்குத் தெரியும்!

இரண்டு வாரம் கழித்து மிஷின் சொன்ன செய்தி எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தது. அண்ணனின் எண் படிப்படியாக இறங்கியிருந்தது. புண்ணின் ஓரம் காய்ந்து தோல் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அண்ணன் ஊருக்கே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாத்திரை அட்டையைக் கடலில் விடும் விழா; படகுக்காரர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள்.

இரண்டு பேர் எண்ணையும் கோடாகப் போட்ட தாளை எடுத்துக்கொண்டு டெலேசியாவிடம் ஓடினேன். அவர் இறங்கும் கோட்டைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே இருந்த என் கோட்டில் விரலை வைத்தார்.

"அவர் எறங்குறாரு, சரி. நீ ஏன் ஏறுற?"

"நான் தண்ணிதான் டாக்டர் குடிக்கறேன்."

"தண்ணிக்கு இப்படி ஏறாது. வேற என்ன சாப்பிடற?"

சொல்ல ஆரம்பித்தேன். கொக்கோச் சோறு என்றேன். பனிகேகே என்றேன். முதல் பங்கு எனக்கு என்றேன். மிச்சம் வைப்பதில்லை என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்டது. டெலேசியா என் கோட்டின் நடுப் பித்தானைப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு முன் அது மூடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை கோட்டு இல்லாமல், இடுப்பில் பழைய லாவாலாவாவைச் சுற்றிக்கொண்டு போனேன். இலை வேலை செய்யவில்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. செய்கிறது என்று சொல்லவும் இல்லை. சொல்லாமல் விட்டால் நாளை மாத்திரை கடலில். நான் வருவதை நிறுத்தினால் அவருடைய சோறு அவருக்கே போகும். அதன்பின் அந்தப் பெருவிரல்? அண்ணன் படகுக் கொட்டகையில் அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழே பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணே, இத்தன நாளா உங்க சோத்த நான் தின்னுட்டேன்."

சுரண்டுவது நின்றது. "என்னடா சொல்ற?"

முழுதும் சொன்னேன். அவர் முகம் முதலில் சிவந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு படகைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"அட பாவி! தெனமும் பத்து மணிக்கு வயித்த என்னமோ கிள்ளும். எல வேல செய்யுது, எல வேல செய்யுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். பசியாடா அது?"

"கூட போடச் சொல்லியிருக்கலாமே அண்ணே."

"விருந்தாளி முன்னாடியா?" என்றார், நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்ட மாதிரி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கால்விரலையே வெகுநேரம் பார்த்தார். "அப்போ இதுல எல எவ்வளவு, நீ எவ்வளவு?"

"அதான் தெரியல."

"தெரியாம எப்படிடா இருக்கறது?" என்று எழுந்தார். அந்தக் கேள்வி என்னுடையது. பல வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். இன்று அது அவர் வாயிலிருந்து வந்தது.

கடலில் விடும் விழா தள்ளிப்போடப்பட்டது. திங்கள் காலையிலிருந்து மறுபடி தொடக்கம்: இலைச் சாறும் உண்டு, அவருடைய சோறும் அவருக்கே. எண் ஏறினால் மாத்திரை. சத்தியம் அப்படியே நிற்கிறது.

திங்கட்கிழமை குத்தினேன். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. எண்ணை இருவரும் பார்த்தோம். அண்ணன் சாறு குடித்தார். அட்டை கூரையிலிருந்து இறங்கி, பல்லி எச்சம் துடைக்கப்பட்டு, பாயில் அவர் முழங்கால் பக்கத்தில் கிடந்தது. அண்ணி பானையோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கோட்டு இல்லை. நல்ல பாய் இல்லை. கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அண்ணன் கிண்ணத்தை நீட்டினார். பிழிந்த இலையின் பச்சை அவர் மீசையில் ஒட்டியிருந்தது.

"எப்பவும் நான் சாப்பிடற மாதிரி போடு. ஏமாத்தாத" என்றார்.

ஒரு கரண்டி ஊற்றினேன். கிண்ணம் அசையவில்லை. இன்னொரு கரண்டியை மொண்டு, பானையின் விளிம்புக்கு மேலே பிடித்தேன். போட்டால் எண் ஏறலாம்; போடாவிட்டால் இலையின் கணக்கு மறுபடி பொய். தேங்காய்ப்பால் கரண்டியின் ஓரத்தில் திரண்டு, ஒவ்வொரு சொட்டாகப் பானைக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் சோற்றைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.