கதவு தட்டிய வடிகட்டி

"இஞ்சரும், ஃபானை நிப்பாட்டும். காத்துப் பட்டா மீற்றர் ஆடும்" என்றார் நாகேந்திரம், சட்டையை மாட்டியபடி.

"ஆடட்டும். நான் இஞ்சை அவிஞ்சு போறன்" என்றாள், மேசையில் டிரான்சிஸ்டர்களை அளந்துகொண்டிருந்த அவர் மனைவி சரோஜினிதேவி.

அவர் சிரித்துக்கொண்டே விசிறியைத் தானே நிறுத்திவிட்டு, இரண்டு கொண்டென்சர் வாங்கிவரப் கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினார். அவர் படி இறங்கியதுதான் தாமதம், அவள் விசிறியைத் திரும்பவும் போட்டுக்கொண்டாள்.

அது எண்பத்தேழாம் ஆண்டு. அன்று பின்னேரம் புறக்கோட்டையில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் அவரும் ஒருவர்.

வெள்ளவத்தை வீட்டு மேசையில், சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டி கட்டும் கொட்டாஞ்சேனை ஹியூபேட்டுக்காக அவர் படம் வரைந்து செய்யத் தொடங்கிய ஒலி வடிகட்டி அரைகுறையாகக் கிடந்தது. கையால் குமிழைத் திருகாமலே, மின்னழுத்தம் ஏற ஒலியைத் திறந்து, இறங்க மூடும் சுற்று அது. அதற்கு டிரான்சிஸ்டர்கள் சோடி சோடியாக, குணம் ஒத்தவையாக வேண்டும். நூறை அளந்தால் பத்துச் சோடி தேறும். அளப்பது கணித ரீச்சரான சரோஜினிதேவியின் வேலை. விரல் சூடு படாமல் சாவணத்தால் பிடித்துச் செருகுவாள். மீற்றரில் இலக்கம் அடங்கும்வரை மனதுக்குள் நூறு எண்ணுவாள்.

ஆறு மாதம் கழித்து, அவர் வரைந்த சுற்றுப் படத்தைப் பார்த்து மீதியை அவளே ஈயம் வைத்து முடித்தாள். ஹியூபேட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசித்தான். ஒவ்வொரு சுரத்தோடும் 'டொக்' என்று ஒரு சத்தம்.

"அக்கா, யாரோ கதவ தட்டுற மாதிரி இருக்கே! இத வாசிச்சா, ஆமி செக்கிங்னு நெனச்சு எங்கம்மா அடையாள அட்டைய எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடுவா."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து அவன் கேட்டதுதான் குத்தியது.

"அண்ணன் போட்ட படத்துலயே பிழ இருக்குமோ?"

படம் பிழையென்றால் திருத்த அவர் இல்லை. அவள் அளவுக் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். தாள் காற்றில் படபடத்தது. நிமிர்ந்து மேலே பார்த்தாள். விசிறி சுழன்றுகொண்டிருந்தது, அன்றைக்குப் போலவே.

"பிழை படத்திலை இல்லை ஹியூபேட், என்னிலை. அவர் நிப்பாட்டச் சொன்னவர், நான் போட்டிட்டன். காத்துக்குக் குளிர்ந்து எல்லாம் பொய் இலக்கம் காட்டியிருக்கு."

"இந்தக் காத்துக்கே டிரான்சிஸ்டருக்கு இவ்வளவு ரோசமா?"

விசிறியை நிறுத்தினார்கள்; கடல் பக்கத்து யன்னலையும் சாத்தினார்கள். சுற்றில் இருந்தவற்றையும் கழற்றி, இரண்டு பேரும் வேர்த்து வழிய நூறையும் திரும்ப அளந்தார்கள். ஒரே அளவென்று அவள் எழுதியிருந்த சோடியொன்றில் மூன்று மில்லிவோல்ட் வித்தியாசம்; கதவைத் தட்டியது அதுதான். அதை ஒதுக்கிவிட்டு, ஒத்துவந்த வேறொரு சோடியைப் போட்டாள்.

ஹியூபேட் கட்டையை அழுத்தினான். ஒலி மெல்லத் திறந்து மெல்ல மூடியது. யாரும் கதவைத் தட்டவில்லை.

"இன்னொருக்கா வாசி" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்க எழுந்து போனாள். ஈரச் சேலை முதுகில் ஒட்டியிருந்தது; அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு ஹியூபேட் கட்டிய பெட்டிகள் எல்லாவற்றுக்கும் நாகேந்திரத்தின் அந்தப் படம்தான். அதில் இன்றுவரை ஒரு கோடும் மாறவில்லை.