கன்னத்துக்குப் போன கை

தனக்கோடியின் வேலை பேஸ்பால் கோப்பையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்தால் பெர்மனென்ட் என்று தொழிற்சாலை அதிகாரி வாயால் சொல்லியிருந்தார். அதிகாரி வாய்ச்சொல்லை நம்பியவன் தனக்கோடி ஒருவன்தான்.

அம்பயர் ஆம்ப்ரோஸ், அல்சூரில் அவனுக்கு அடுத்த வீடு. அமெரிக்கப் பாதிரியிடம் சமையல்காரராக இருந்தபோது இந்த ஆட்டத்தைப் பழகியவர்.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் சமம். எதிராளி ஒருவன் மூன்றாம் பேஸில் நின்றான். அவன் உள்ளே வந்தால் கதை முடிந்தது. அப்படி ஆள் நிற்கையில், பந்தெறிபவன் பலகையில் கால் வைத்து, பந்தோடு இரண்டு கையையும் நெஞ்சருகே சேர்த்து நின்றுவிட்டால் சும்மா கையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் 'பால்க்'. நிற்கிறவனுக்கு ஒரு பேஸ் இனாம். ஓடப் பார்ப்பவனை ஏமாற்றக் கூடாதென்று எந்த ஊரிலோ எவனோ எழுதிய சட்டம்.

பந்தெறிய வந்த தனக்கோடி கை சேர்த்து நின்றான். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் சாயங்கால மணி அடித்தது. பிறந்ததிலிருந்து பழகிய கை. பந்தை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

யாரும் ஏமாறவில்லை. மூன்றாம் பேஸ்காரனே கோயில் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்டது ஆம்ப்ரோஸ் மட்டும். யோசிப்பதற்குள் வாய் கத்திவிட்டது.

"பால்க்!"

"இன்னாண்ணே இது?" என்றான் தனக்கோடி. அதற்குள் மூன்றாம் பேஸ்காரன் நடந்தே உள்ளே வந்துவிட்டான்; கோப்பை போனது.

கூட்டத்தில் ஒருவன் கூவினான்: "மணிச் சத்தம் கேட்டா பாதிரி ஊட்டு சமையல்காரனுக்குக் காது எரியுதுடோய்!"

மறு வாரம் தனக்கோடியைத் தொழிற்சாலைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். குழாயடியில் அவன் மனைவி காந்தா ஆம்ப்ரோஸிடம் கேட்டாள்: "சாமி கும்பிட்டது தப்பாண்ணே?"

"சாமிக்காக இல்லம்மா. கை பிரிஞ்சிது."

"சாமிக்குத்தானே பிரிஞ்சிது?"

ஆம்ப்ரோஸ் அதிகாரியிடம் போனார். "அவன் யாரையும் ஏமாத்தல சார். உட்டிருக்கலாம்."

"அப்போ அன்னிக்கு நீ சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல சார்."

"பின்னே எதுக்கு வந்தே? ஹோகு, போ."

கோலார் பக்கம் சுரங்க வேலைக்கென்று தனக்கோடியும் காந்தாவும் வீட்டைக் காலி செய்தார்கள். வண்டியருகே வந்து நின்ற ஆம்ப்ரோஸிடம் தனக்கோடி சொன்னான்: "நீ சொன்னது ரைட்டுதாண்ணே. நானும் அப்புறம் யோசிச்சேன்."

ஆம்ப்ரோஸ் கீழே கிடந்த துணிமூட்டையைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தார். காந்தா அதைப் பிடுங்கித் தானே வண்டியில் வைத்தாள்.