பின் இடது சில்லு

ஏழாவது தரம் சொல்லும்போது சுதாகரன் அண்ணைக்குத் தண்ணீரும் பருக்கிவிட்டிருந்தார்.

நேற்று மத்தியானம் முன்வீட்டுக்காரருக்குச் சொன்னபோது தண்ணீர் இல்லை. "சத்தம் கேட்டுது, ஓடிப்போய்த் தூக்கினன்." அவ்வளவுதான். மூன்றாம் தரத்தில் அண்ணையின் தலை அவருடைய மடிக்கு வந்தது. ஐந்தாம் தரத்தில் அண்ணை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். இப்போது, மானிப்பாயிலிருந்து பஸ்ஸேறி வந்த பெரியப்பாவின் மகனுக்கு, செம்பும் மூன்று மிடறும் சேர்ந்துவிட்டன. இந்த வேகத்தில் போனால் பாடை தூக்குவதற்கிடையில் அண்ணை தியாகராசா எழும்பியிருந்து ஒரு தேவாரமும் பாடிவிடுவார்.

"கடைசியா ஏதும் சொன்னவரோ?"

"சொன்னவர்." சுதாகரன் செருமினார். "குணலட்சுமியைப் பாத்துக்கொள் எண்டவர்."

சொன்ன உடனேயே காது இரண்டும் சுட்டன. பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த நாற்பது பேரும் தலையாட்டினார்கள். அவருக்கு அது நானூறு தலையாகத் தெரிந்தது.

நேற்றுக் காலை மாமரத்துக்குக் கீழே அண்ணையின் பிக்அப் நின்றது. புத்தூரில் அது ஏற்றாத சாமான் கிடையாது. வெங்காய மூடை, பீற்றூட், கலியாணப் பொம்பிளை, ஒருமுறை கன்று போட்ட மாடு. இரண்டு கிழமையாகப் பிரேக் பெடல் பஞ்சுபோல அமர்ந்துகொண்டிருந்தது. நல்லூரில் மிதித்தால் புத்தூரில் நிற்கும். கறுத்துப்போன பழைய பிரேக் ஒயிலைக் கழித்து, புதிதை விட்டு, குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்கவேண்டும். அதற்கு இரண்டுபேர் தேவை. ஒருவர் சில்லடியில், மற்றவர் பெடலில்.

"மூண்டுதரம் மிதி. நாலாவதிலை அமத்திப் பிடி," என்று பின் இடது சில்லடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு தியாகராசா சொன்னார். "நான் காத்துப் போற நிப்பிளைத் திறந்து பூட்டிப்போட்டு, விடு எண்டு சொல்லுவன். அதுக்கு முந்திக் காலை எடுத்தியோ, காத்துத் திரும்ப உள்ளை போயிடும்."

சுதாகரன் எடுத்துவிட்டார். ஒருதரம் அல்ல, இரண்டுதரம். இரண்டாவது தரம் றோட்டால் போன ஒருவருக்குக் கைகாட்டும்போது.

"முப்பத்தொரு வருசம் கந்தோரிலை மேசைக்குக் கீழை கிடந்த கால்தானே," என்றது சில்லடிக் குரல். "அதுக்கு இது பாரமான வேலைதான்."

பக்கத்துத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவன் சிரித்தான். அதுதான் பிழையாய்ப் போனது. அண்ணை சொன்னதை விழுங்கியிருக்கலாம். அடுத்தவன் சிரித்ததை எப்படி விழுங்குவது?

மூன்றுதரம் மிதித்தார். நாலாவதில் அமத்திப் பிடித்தார். பெடல் மெல்ல மெல்ல இறங்கிப் பலகையில் முட்டியது. 'விடு' வரவில்லை.

சரி, நீ சொல்லாமல் நான் எடுத்தால் பார், என்று சுதாகரன் இருந்தார்.

கோவித்துக்கொண்டிருப்பதில் இரண்டுபேரும் சளைத்தவர்களல்ல. ஒரு மண்வெட்டிக்காக ஏழு மாதம் கதைக்காமல், வீட்டு நாயிடம் சொல்வதுபோல ஒருவருக்கொருவர் செய்தி சொன்னவர்கள். நாய்க்கே அலுத்துப்போனது. ஆகவே ஐந்து நிமிடம் பெரிய விஷயமல்ல. பத்து நிமிடத்தில் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. இடதுபக்கக் கண்ணாடி இல்லாததால் பின்னாலே ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை முனகல்போல ஏதோ கேட்டது. நக்கல் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கி மிதித்தார்.

இருபது நிமிடம்.

ஆஸ்பத்திரியில், "மாரடைப்புத்தான். எப்ப மயங்கினவர்?" என்று கேட்ட டொக்டர் பிள்ளைக்கு, "இப்பதான் பிள்ளை, அஞ்சு நிமிசம் வராது," என்றார். அவள் தியாகராசாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுதாகரனைப் பார்த்தாள். அவர் சொன்னதையே எழுதினாள்.

"சுதா, மச்சாள் உம்மை உள்ளை வரட்டாம்," என்று ஒரு பெண் பந்தலுக்கு வந்து கூப்பிட்டாள்.

அண்ணையின் மனைவி குணலட்சுமி தலைமாட்டில் இருந்தாள். சுற்றிவரப் பெண்கள். ஒப்பாரி ஓய்ந்த நேரம். சுதாகரன் வாசல்நிலைக்குள்ளேயே நின்றார்.

"கிட்ட வாரும். அவர் என்னைப் பாத்துக்கொள்ளச் சொன்னவராம். இப்பதான் வந்து சொல்லிச்சினம்." அவள் குரல் அழுது கம்மியிருந்தது. "எனக்கும் ஒருக்கா சொல்லும். எப்பிடிச் சொன்னவர்?"

சுதாகரன் அவளுக்கருகில் குந்தினார். எட்டாவது தரம் வாயில் தயாராக இருந்தது. செம்பு, மிடறு, எல்லாம். அண்ணையின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை, மச்சாள்."

அவள் காத்திருந்தாள்.

"தண்ணியும் குடுக்கேல்லை. நான் சீற்றாலை இறங்கவே இல்லை. விடு எண்டு சொல்லட்டும் எண்டு கோவத்திலை காலை அமத்திக்கொண்டு இருந்திட்டன். இருவது நிமிசம். இறங்கிப் பாக்கேக்கை எல்லாம் முடிஞ்சுது."

அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். குணலட்சுமி கணவனின் சால்வைக் கரையை இழுத்து நேராக்கினாள்.

"கண்டனான்," என்றாள்.

"என்ன?"

"குசினி யன்னலாலை. முகத்தை உப்பிக்கொண்டு இருந்தீர். ரெண்டும் திரும்பக் கொளுவிப்போட்டுதுகள் எண்டு சிரிச்சன். போய் ஒரு சொல்லுச் சொல்லுவம் எண்டு படிவரைக்கும் வந்தனான். எனக்கேன் இதுகளின்ரை சண்டை எண்டிட்டு, தேங்காய் திருவப் போயிட்டன். கறிக்குப் பாதி போதும். நான் முழுத்தேங்காயும் திருவினன்."

வெளியே புதிதாக ஆட்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. "எங்கை சுதாகரன்?" என்று யாரோ பந்தலிலிருந்து கூப்பிட்டார். "அவன்தானே பக்கத்திலை நிண்டவன். என்னண்டு நடந்ததெண்டு வந்து சொல்லட்டும்."

சுதாகரன் எழும்பவில்லை.

ஆம்பிளைகள் பந்தலிலே, உள்ளே பாய் பெண்களுக்கு. குணலட்சுமி முழங்காலை மடக்கி அரக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தானும் அரக்கினாள். பாயில் ஓர் ஆளுக்கு இடம் வந்தது. சுதாகரன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அதில் இருந்தார்.