மீன் உரம் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை

தக்காளித் தொட்டியில் ஊற்றும்போதே தெரிந்துவிட்டது, கை மீறிப் போய்விட்டது என்று. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி மீன் உரம் போதும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் என்றால் தாராளமாக அப்பித்தான் பழக்கம். அதே தாராளத்தில் அரை பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். அடேயப்பா, என்ன நாற்றம். பக்கத்து வீட்டில் படபடவென்று ஜன்னலைச் சாத்தினார்கள். குளிர் விலகி, இப்போதுதான் புதினா துளிர்த்து ரோஜா மொட்டு விட்டிருக்கிற பால்கனியை மீன் சந்தையாக்கிவிட்டேன். மனைவி வருவதற்குள் கழுவிவிடலாம் என்று துடைப்பம் எடுக்க உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்தால், அவள் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

தேயிலை ருசி பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. இந்த வருட முதல் பறிப்பு என்று கம்பெனி அனுப்பியிருந்த மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து டீ போட்டிருந்தாள். அவள் டீ குடித்தால் தெருவுக்கே கேட்கும். காற்றோடு சேர்த்து சர்ரென்று உறிஞ்சுவாள். கல்யாணமான புதிதில் என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு ஏதாவது கோளாறா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அப்பேர்ப்பட்டவளுக்குக் காய்ச்சலில் மூக்கு போய்விட்டது. குளிர்காலம் முழுக்க விடுப்பு. போன வாரம்தான், "வாசனை தெரியுதுங்க" என்றாள். நாளைக்கு வேலைக்குப் போகிறாள். புதுத் தேயிலை வந்து இறங்குகிற நேரம். அவள் நல்லது என்றால் கம்பெனி வாங்கும், வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பும். எங்கோ மலையில் யாரோ பாடுபட்டுப் பறித்தது அவள் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

உறிஞ்சினாள். "அருமையா இருக்கு. பச்சைப் புல் வாசனை. கடைசியில லேசா ஒரு பூ வாசனை. இந்தக் காத்துல உக்காந்து குடிக்கிறதே தனி சுகங்க."

அந்தக் காற்றில் என்னால் நிற்கக்கூட முடியவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். கெட்டிக்காரி, நிறத்தையும் இலையையும் பார்த்துக் கொஞ்ச நாள் ஒப்பேற்றிவிடுவாள். என்றைக்காவது நாலு பேர் முன்னால் மாட்டிக்கொண்டால்? அவள் அதைத் தாங்கமாட்டாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"இங்க மீன் உரம் கொட்டிக் கிடக்குதும்மா. அரை பாட்டில்."

கோப்பை பாதி வழியில் நின்றது. தொட்டியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"ரொம்ப நாறுதா?"

"குடலைப் புரட்டுது."

"அப்புறம் ஏன் இங்கேயே உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான்."

ரோஜா மொட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சுடுதுன்னு தெரியுது, கசக்குதுன்னு தெரியுது. அவ்வளவுதாங்க. வாய்விட்டுச் சொல்லிட்டா நிஜமாயிடுமோன்னு பயம்." பிறகு, "காலையில மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். குரல் எழும்பவே இல்லை.

சட்டென்று கோப்பையை என் கையில் திணித்தாள். "குடிச்சுப் பாத்து என்ன வாசனைன்னு சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்? எனக்கு டீன்னா சூடா இருக்கணும்."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க போதும்."

அவளைப் போலவே உறிஞ்சிப் பார்த்தேன். புரை ஏறியது. தலையில் தட்டினாள், சிரிக்கவும் செய்தாள். மறுபடியும் கோப்பைக்குள் மூக்கை விட்டேன்.

"முதல்ல மீன்தான் அடிக்குது. அதுக்குக் கீழ... பச்சைப் பட்டாணி வேகும்போது மூடியைத் திறந்தா வருமே, அந்த ஆவி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம், கொடியில காஞ்ச துணி. வெயில்ல காஞ்சு, எடுத்த உடனே."

அவளே ஒரு மிடறு குடித்ததைப் போல, அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.